மே மாதக் கடனை வாங்காதீர்கள்

ஏப்ரல் முடிவதற்குள் மும்பை வடாலாவில் நம் வீடுகள் பலவற்றில் ஒரு தீர்மானம் எடுக்கப்படும். பிள்ளைகள் தூங்கியபின் கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசுவார்கள்: யாரிடம் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம், எத்தனை வட்டி என்று. மே மாதம் பள்ளி விடுமுறை. தாதரிலிருந்து சாளுக்யா எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். ஊரில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, அசன விருந்துக்கு நம் வீட்டுப் பங்கு, எல்லாருக்கும் புதுத் துணி. பம்பாயிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு வரலாமா? திரும்பி வந்தால் ஜூன். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை, மழைக்குக் கூரையின்மேல் தார்ப்பாய். மே மாதத்துக்காக வாங்கிய கடனுக்கு முதல் வட்டி கட்டவேண்டியதும் அந்த ஜூனில்தான்.

அந்தக் கடன் கைக்கு வருமுன் இதை வாசியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனைப் பற்றி நான் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. சயான் ஆஸ்பத்திரி வாசலில் தாயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒருவன் கைமாற்றுக் கேட்டால், அது பாவமல்ல. அவனுக்குக் கொடுக்காமல் போகிற நாம்தான் பதில் சொல்ல வேண்டும். நான் பேசுவது வேறொரு கடனைப் பற்றி. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற அச்சத்தில் வாங்குகிற கடன் அது. அந்த அச்சத்தில் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும், தேவன் எனக்குத் தந்தது போதாது, அதை நான் மனிதர் கண்ணில் மறைத்தாக வேண்டும் என்று சொல்லாமல் சொல்கிறது. அதனால் நம் நடுவில் கடன் வெறும் பணப் பிரச்சினை அல்ல. அது விசுவாசக் குறைவு. இதைத் தட்டிக் கேட்க வேண்டிய சபையே பல சமயம் இதற்குத் தூபம் போடுகிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். சங்கம் நகரிலும் அன்டாப் ஹில்லிலும் கடன் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. கடன் நம்மைத் தேடி வருகிறது. சாயங்காலம் சந்துக்குள் தண்டல்காரர் வருகிறார். வாரம் ஒரு நாள் பெண்களின் குரூப் லோன் கூட்டம் நடக்கிறது. பிஷி என்னும் சீட்டு, ஏலச்சீட்டு, பத்பேடி என்னும் கடன் சங்கம், நகைக்கடன், தவணையில் டிவி, இவை போதாதென்று கைபேசிக்குள் லோன் ஆப். தண்டலில் பத்தாயிரம் என்று பேசி 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 120 சதவீத வட்டி. ஐந்து வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 2,500 கட்ட வேண்டும். 20 மாதத்தில் இன்னொரு ஐம்பதாயிரம் கட்டி முடித்திருப்பீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள் அந்தச் சாப்பாட்டை மறந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

கடன் வாங்குகிறவன் கொடுக்கிறவனுக்கு அடிமையாகிறான் என்று நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரம் சொல்வதை நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். வடாலாவில் அதைக் கண்ணால் பார்க்கிறோம். தண்டல்காரர் வரும் நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்கும் வீடுகள் உண்டு. அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் தகப்பன் உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் பொய் சொல்லாதே என்று படித்த அதே பிள்ளை, அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவருகில் நின்று பொய் சொல்கிறது. வட்டி கட்டுவது நாம், ஆனால் அந்தப் பொய்யின் விலையைக் கொடுப்பது பிள்ளை.

கடன்பட்டவன்மேல் நம் தேவன் கோபமாய் இருக்கிறார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஏழையின் பக்கம் நின்று அவர் தந்த கட்டளைகளைப் பாருங்கள். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 22 சொல்கிறது. உபாகமம் 24 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டு வந்து தரட்டும் என்கிறது. மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது அவனுடைய உயிர் என்கிறது. தாராவியிலிருந்தும் வடாலாவிலிருந்தும் விடியுமுன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பும் நம் சகோதரனுக்குத் திரிகைக் கல் எது? அவன் வீட்டு மூலையில் இருக்கும் கிரைண்டர். தவணை தவறியது என்று அதைத் தூக்கிக்கொண்டு போகிறவன் கர்த்தருடைய கட்டளையை மீறுகிறான். அவன் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காருகிறவனாக இருந்தாலும் சரி.

ஆனால் அதே தேவன், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதவனைத் துன்மார்க்கன் என்று 37-ஆம் சங்கீதத்தில் அழைக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். ஏழையை நெருக்காதே என்பது கொடுத்தவனுக்கு, வாங்கியதைக் கொடு என்பது வாங்கியவனுக்கு. நாம் நமக்குரியதை விட்டுவிட்டு மற்றவனுக்குரிய வசனத்தையே கையில் எடுக்கிறோம். கடன் கொடுத்தவன் சங்கீதத்தைக் காட்டுகிறான், வாங்கியவன் உபாகமத்தைக் காட்டுகிறான். இருவரும் கர்த்தரைக் கேட்கவில்லை.

இரண்டாம் இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்து விதவையை நினைத்துப் பாருங்கள். அவள் புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், தேவனுக்குப் பயந்து வாழ்ந்தவன். இருந்தும் கடனோடு செத்தான். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். அவள் என்ன செய்தாள்? கதவைச் சாத்திக்கொண்டு அழவில்லை, இன்னொருவரிடம் கடன் வாங்கி இந்தக் கடனை அடைக்கவும் ஓடவில்லை. எலிசாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்டான். எண்ணெய்க் குடம் ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்றாள். அக்கம்பக்கத்தாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னான், அவள் தெருத்தெருவாகப் போய் வாங்கினாள். வீட்டு வறுமை தெருவுக்கே தெரிந்துபோனது. தெரிந்தபிறகுதான் எண்ணெய் பெருகியது. பெருகிய எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்த்துவிட்டு, மீதியைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று எலிசா சொன்னான். அற்புதம் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. கடனைக் கட்ட வழி கொடுத்தது. கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு உண்மையை மறைக்கிறவர்களும், கடனைக் கட்டாமல் அற்புதத்துக்குக் காத்திருக்கிறவர்களும் இந்த அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும்.

விசுவாசத்தால் பிழைத்தவர்கள் கணக்கு எழுதாமல் பிழைத்தவர்கள் அல்லர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-இல் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு திறந்த ஜார்ஜ் முல்லர், தன் வாழ்நாளில் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தார். யாரிடமும் பணம் கேட்கவில்லை, கடனும் வாங்கவில்லை. ஆனால் வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டார். நம் மகாராஷ்டிரத்துக் கேட்காவில் முக்தி ஊழியத்தை நடத்திய பண்டித ரமாபாய் முல்லரின் வரலாற்றைப் படித்து ஊக்கம் பெற்றவர். நம் ஊர்ப் பக்கத்து டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளைக் காத்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் ஜனங்களிடம் பணம் கேட்டு முறையிடாமலே அந்தப் பெரிய குடும்பத்தை நடத்தினார். கையில் இருந்த அளவுக்குள் நடந்தவர்கள் இவர்கள். பணம் வராத நாளில் ஜெபித்துக் காத்திருந்தார்கள். நாளைக்கு வரும் என்று இன்றைக்குச் செலவழிப்பதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டியதில்லை.

இங்கே ஒரு கொடிய வழக்கத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும். கடன் வாங்கிக் காணிக்கை போடுவது. சில மேடைகளில் விதைக் காணிக்கை என்று கேட்கிறார்கள். இன்றிரவு இவ்வளவு விதைத்தால் உன் கடன் தீரும், வீடு கிடைக்கும், மகளுக்கு வரன் வரும் என்கிறார்கள். கம்மலை அடகு வைத்துக் கொண்டு வந்து போட்ட சகோதரிகள் நம் சந்துகளில் இருக்கிறார்கள். சகோதரியே, இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு மெச்சினார் என்றால், அந்த இரண்டு காசும் அவளுடையது. கடன்காரனுடைய பணத்தைக் கர்த்தருக்குக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை. அதை முதலில் அவனிடம் கொடு, கர்த்தர் மகிமைப்படுவார். அப்படிக் காணிக்கை கேட்கும் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வா. கர்த்தர் உன்மேல் கோபிக்கமாட்டார்.

கடன் வாங்காமல் கொடுப்பது எப்படி என்று நம் முன்னோருக்குத் தெரியும். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய கூட்டாளிகளும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்புவதில்லை என்று தீர்மானித்தார்கள். பனையேறிகளும் கூலிக்காரரும் நிறைந்த சபைகள் அவை. சோறு பொங்குமுன் தாய்மார் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். இருந்த அரிசியிலிருந்து எடுத்தார்கள், அடுத்த வீட்டில் இரவல் வாங்கி எடுக்கவில்லை. அந்தத் தாய்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். ஊர் அசனத்துக்கு ஐந்து வட்டிக்குப் பணம் வாங்கி அனுப்பிவிட்டு, நம் பெயர் சுவரொட்டியில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்க்கிறோம்.

இனி, நம் சபைகளில் வட்டிக்கு விடுகிற சகோதரரே, உங்களிடம் ஒரு வார்த்தை. நெகேமியா 5-ஆம் அதிகாரத்தை முழங்காலில் நின்று படியுங்கள். பஞ்ச காலத்தில் யூதர்கள் தங்கள் சொந்தச் சகோதரருக்கே வட்டிக்குக் கொடுத்தார்கள். வயலும் திராட்சைத் தோட்டமும் வீடும் அடகுக்குப் போயின, மகன்களும் மகள்களும் அடிமைகளாகப் போனார்கள். நெகேமியா மிகவும் கோபங்கொண்டான். சபையைக் கூட்டி, தானும் தன் சகோதரரும் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்தவர்கள்தான் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டே, வாங்கியதை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னான். அவர்களும் கொடுத்தார்கள். சகேயு, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர ஒப்புக்கொண்டான். சபையில் உங்களோடு ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் ஏழையிடம் நீங்கள் வாங்கிய வட்டி அசலை எப்போதோ தாண்டியிருக்கும். வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்பது மும்பைப் பக்கத்தின் பழைய வழக்கச் சட்டம், கிறிஸ்துவை அறியாதவர்களும் ஒப்புக்கொண்ட நீதி அது. உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் செய்வது மகாராஷ்டிரத்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆனால் போலீசுக்குப் பயந்து நீங்கள் நிறுத்த வேண்டாம். கர்த்தருக்குப் பயந்து நிறுத்துங்கள். இந்த வாரமே அந்த நோட்டை எடுத்து, அசலைத் தாண்டிக் கட்டியவர்களின் பெயரை அடித்துவிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே கடனில் மூழ்கியிருக்கிறவர்களே, உங்களுக்குச் சொல்வதை மிகுந்த பாரத்தோடு சொல்கிறேன். 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்து வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு பச்சைப் பிள்ளைகளோடும் தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்திருந்தது. இருந்தும் அந்தக் குடும்பத்தைக் காக்க யாரும் வரவில்லை. கடனுக்காக ஓர் உயிரும் போகக் கூடாது. எந்தக் கடனும் உங்கள் உயிரின் விலை பெறாது. உங்கள் உயிருக்குக் கிறிஸ்து விலை கொடுத்துவிட்டார், அதன்மேல் தண்டல்காரனுக்கு உரிமை இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த நொடியே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். போதகரை நடுராத்திரியில் எழுப்புங்கள். எழுப்பினால் கோபிக்கிறவர் போதகர் அல்லர்.

பிறகு இவற்றைச் செய்யுங்கள். இன்றைக்கே கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்த கடன்களைச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு, எத்தனை வட்டி என்று ஒரே தாளில் எழுதுங்கள். புதிய கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பதை நிறுத்துங்கள். வட்டி கூடியதை முதலில் அடையுங்கள். வருஷா வருஷம் வட்டி கட்டி மறு அடகு வைக்கும் நகையை விற்றுவிடுங்கள். நகை போன கழுத்தைப் பார்த்துச் சபையில் யாராவது பேசினால், பேசுகிறவர்கள்தான் கர்த்தருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவரிடம் நீங்களே போய், இவ்வளவுதான் முடியும், மாதாமாதம் தருவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி கொடுங்கள். வங்கிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குறுங்கடன் வசூலுக்கு அது காலை 9-லிருந்து மாலை 6 வரைதான். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகும்படி குறுங்கடன் தரக் கூடாது என்றும் 2022-இல் விதி வந்தது. உங்கள் படத்தை அசிங்கமாக்கி அனுப்புவேன் என்று மிரட்டும் ஆப்காரனுக்கு மேலும் பணம் அனுப்பாதீர்கள். 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். மிரட்டுகிறவன் வெட்கப்பட வேண்டும், மிரட்டப்பட்டவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

சிநேகிதனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட நினைப்பவர்களே, உங்களால் கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்திடாதீர்கள். போட்டுவிட்டவன் கண்ணுக்கு நித்திரை வரவிடாமல் போய் அதிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளும்படி நீதிமொழிகள் 6 சொல்கிறது. உதவ வேண்டுமா? உங்களால் முடிந்ததைத் திரும்பக் கேளாமல் கொடுத்துவிடுங்கள். ஒநேசிமு பட்ட கடனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்ன பவுல், அதைத் தானே தீர்க்க ஆயத்தமாய் இருந்தான்.

சபை மூப்பர்களே, போதகர்களே, பங்குத்தந்தையரே, உங்கள் பங்கு பெரிது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற பக்தியுள்ள மேயர், வட்டிக்காரரின் பிடியில் தவித்த ஏழை விவசாயிகளைப் பார்த்து, ஒருவரை ஒருவர் அறிந்தவர்களே கூடிச் சேமித்து ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கும் சங்கத்தை 1864-இல் அமைத்தார். அவர் வழியையே சென்னை மாகாணத்துக்கும் 1895-இல் பிரெடரிக் நிக்கல்சன் தம் அறிக்கையில் பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. ஒரு விசுவாசியின் மனஉருக்கத்தில் தொடங்கியது நம் கிராமங்கள் வரை வந்தது என்றால், வடாலாவில் ஒரு சபையால் வட்டியில்லா அவசர நிதி ஒன்று வைக்க முடியாதா? அசனத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் மேடை அலங்காரத்துக்கும் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். வாங்குகிறவர் பெயர் போதகருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரியட்டும். காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் பீடத்திலிருந்து வாசிப்பதை நிறுத்துங்கள், ஏழையைக் கடனுக்குத் துரத்துவது அந்த வாசிப்புதான். எத்தனை பவுன் என்று கேட்கும் கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் கூறப் போகாதீர்கள். ஆலயத்தில் மணமுடித்து, காப்பியும் பலகாரமும் கொடுத்து அனுப்பும் கல்யாணத்தை முதலில் உங்கள் வீட்டில் நடத்திக் காட்டுங்கள். பெரிய வீட்டுக்காரர் எளிமையாக நடந்தால்தான் சின்ன வீட்டுக்காரருக்கு எளிமையாக நடக்கத் துணிவு வரும்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கட்டும் என்று ஆண்டவர் சொன்னார். வனாந்தரத்தில் மன்னாவைத் தந்த தேவன் அன்றன்றைக்குரியதை அன்றன்றைக்குத் தந்தார், பட்டினி போடவில்லை. அவர் தந்ததற்குள் வாழ்வதே அவரை நம்புவது. தர வேண்டியதைத் தந்துவிடுவது அவருக்குக் கீழ்ப்படிவது. இந்த இரண்டும் இல்லாத துதிப்பாடல் அவர் காதில் ஏறாது.

மே மாதம் வருகிறது. ஊருக்குப் போங்கள், தாய் தகப்பனைப் பாருங்கள், ஆலயத்தில் முழங்காற்படியிடுங்கள். கையில் இருப்பதைக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் இந்த வருஷம் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். கடன் வாங்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.